எல்.டி.எல். 148: மாத்திரையா, சாப்பாடா?

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரைப் பதற வைப்பது கொலஸ்ட்ரால் பக்கம்தான். உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 228, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். 38, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 210, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். 148. எல்லாம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. நான்கு எண்ணும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு இருக்கும். உடனே வீட்டில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். இன்றைக்கே மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கொலஸ்ட்ராலே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட பூச்சாண்டி, வாயைக் கட்டினால் போதும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த ரத்தம் யாருடையது என்று பார்ப்பதில்லை.

34 வயதில், புகைப்பழக்கமோ சர்க்கரையோ இல்லாத ஒரு பெண்ணுக்கு 148 என்று வந்தால் அதற்கு ஓர் அர்த்தம். 58 வயதில் சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஆணுக்கு அதே 148 வேறு அர்த்தம். ஸ்டென்ட் வைத்தவருக்கோ அது அவசரம். எந்த அளவுக்கு மாத்திரை என்று மருத்துவ அமைப்புகள் வகுத்த வழிகாட்டு நெறிகளைக் கேள்வி கேட்பதில் தவறே இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த எண் எப்படி வந்தது

பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் வந்த ஃபிரீடுவால்ட் சூத்திரத்தின்படி கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழி, டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. மேலே உள்ள ரிப்போர்ட்டில் 228-இல் 38 போக 190. 210-ஐ ஐந்தால் வகுத்தால் 42. 190-இல் 42 போக 148.

இந்த முறையில் டிரைகிளிசரைடு ஏறினால் எல்.டி.எல். தானாக இறங்கிவிடும். இதே ஆள் கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள், போதிய நேரம் வெறும் வயிற்றில் இல்லாமல் ரத்தம் கொடுத்து, டிரைகிளிசரைடு 310 என்று வந்தால் கழிக்க வேண்டியது 62. எல்.டி.எல். 128 ஆகிவிடும். உடம்பில் ஒன்றும் மேம்படவில்லை, தாளில் மட்டும் 20 குறைந்திருக்கிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தை நம்பவே கூடாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்த எண்ணை, இங்கே 190. இதை ‘நான்-எச்.டி.எல்.’ என்பார்கள். ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கிவிடும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதிகம் மாறாது. இந்தியர்களுக்கு இது முக்கியம். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-இல் முடிவு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், 81.2 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு குறை இருந்தது. நம்மிடம் அதிகம் காண்பது எச்.டி.எல். குறைந்து டிரைகிளிசரைடு ஏறிய நிலை. எல்.டி.எல். ஒன்றையே பார்த்து ‘நார்மல்’ என்று மூடி வைத்த பல ரிப்போர்ட்டுகளில் நான்-எச்.டி.எல். 160-ஐத் தாண்டி நிற்கும்.

இன்னொன்று, ஒரே ஆளுக்கு எல்.டி.எல். வாரத்துக்கு வாரம் 7, 8 சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு. 148 என்பது 137-ஆகவும் இருக்கலாம், 159-ஆகவும் இருக்கலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆயுளுக்கான முடிவை எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். சில வாரம் விட்டு அதே லேபில் இன்னொரு முறை எடுத்துச் சராசரியைப் பாருங்கள். அந்த முறை தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு மந்தமானால் எல்.டி.எல். ஏறும். அதைக் கவனிக்காமல் ஓட்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. சிறுநீரில் புரதம் போவது, பித்தநீர் அடைப்பு, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம் ஆகியவையும் கொலஸ்ட்ராலை ஏற்றும்.

அளவை ஏன் குறைத்துக்கொண்டே வந்தார்கள்

சந்தேகக்காரர்களின் முதல் கேள்வி இது, நியாயமானதும்கூட. அமெரிக்காவின் தேசிய கொலஸ்ட்ரால் திட்டம் 1988-இல் எல்.டி.எல். 130-க்குக் கீழ் இருந்தால் நல்லது என்றது. 1993-இல் இதய நோயாளிகளுக்கு 100 என்றார்கள். 2004-இல் மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70 என்ற தேர்வு வந்தது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிகளில் மிக அதிக ஆபத்துப் பிரிவுக்கு 55, பொதுமக்களுக்கு 100.

2004-இல் அந்தத் திருத்தத்தை எழுதிய ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளைத் தயாரிக்கும் கம்பெனிகளோடு பணத் தொடர்பு இருந்தது. அதை அப்போது ஆவணத்தோடு வெளியிடவில்லை, பிறகுதான் தெரிந்தது. 2013-இல் அமெரிக்க இதய அமைப்புகள் புதிய ஆபத்துக் கணிப்பானைக் கொண்டுவந்தன. பத்து ஆண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து 7.5 சதவீதம் இருந்தாலே மாத்திரையைப் பேசலாம் என்றன. ஒரே நாளில் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் அமெரிக்கர்கள் மாத்திரைத் தகுதிக்குள் புதிதாக வந்தார்கள். அந்தக் கணிப்பான் ஆபத்தை 75 முதல் 150 சதவீதம் வரை கூட்டிக் காட்டுகிறது என்று ஹார்வர்டைச் சேர்ந்த ரிட்கரும் குக்கும் உடனே எழுதினார்கள். 2023-இல் அமெரிக்க இதய சங்கம் வெளியிட்ட புதிய கணிப்பான், பலருக்கும் முன்னைவிடக் குறைந்த ஆபத்தையே காட்டுகிறது. சந்தேகப்பட்டவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது.

முட்டைக் கதையும் அப்படித்தான். 1968-இல் அமெரிக்க இதய சங்கம் உணவில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கரு என்று எல்லை போட்டது. ஒரு மஞ்சள் கருவிலேயே 190 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் செய்வது நம் உடம்புதான். சாப்பாட்டில் கூடினால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். 2015-இல் வந்த அமெரிக்க உணவு வழிகாட்டி அந்த 300 எல்லையை எடுத்துவிட்டது. இங்கே மட்டும் இன்னும் மஞ்சள் கருவைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வெள்ளைக் கருவை நெய் ரோஸ்ட்டோடு சாப்பிடுகிறவர்கள் உண்டு. சிலருக்கு முட்டையால் எல்.டி.எல். கூடுதலாக ஏறும் என்பதும் உண்மை. ஆறு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எச்.டி.எல். விஷயத்தில் மருத்துவ உலகமே சறுக்கியது. ‘நல்ல கொழுப்பை’ ஏற்றினால் மாரடைப்பு குறையும் என்று டார்செட்ராபிப் என்ற மருந்தைச் செய்தார்கள். எச்.டி.எல். நன்றாகவே ஏறியது, கூடவே மரணமும் கூடியது. 2006-இல் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எச்.டி.எல். குறைந்திருப்பது ஆபத்தின் அடையாளம் மட்டுமே, அதை மருந்தால் ஏற்றிப் பயன் இல்லை என்று இப்போது தெரியும்.

ஆனால் இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டு, ஆகவே எல்.டி.எல்.லும் பொய் என்று தாவுவது தவறு. அங்கே சான்று வேறு மாதிரி இருக்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு சிலருக்குப் பிறப்பிலேயே வேலை செய்வதில்லை. அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எல்.டி.எல். குறைவு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், இப்படிப் பிறந்தவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு. இதில் மருந்துக் கம்பெனி இல்லை, மாத்திரை இல்லை, பத்தியமும் இல்லை. மறுபக்கம், பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பு வருகிறது. சற்றுக் கூடிய எல்.டி.எல். முப்பது ஆண்டு ரத்தக் குழாயை உரசுவதும், மிக அதிகமான எல்.டி.எல். பத்து ஆண்டு உரசுவதும் ஏறத்தாழ ஒரே கேட்டைச் செய்யும். அளவும் காலமும் சேர்ந்துதான் கணக்கு.

மாரடைப்போடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எல்.டி.எல். நார்மல்தானே என்ற வாதமும் அடிக்கடி வரும். அமெரிக்க மருத்துவமனைகளில் 1,36,000-க்கும் மேற்பட்ட அனுமதிகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு 100-க்குக் கீழ்தான் இருந்தது, அது மெய்தான். மாரடைப்பு வந்த சில மணி நேரத்திலேயே எல்.டி.எல். இறங்கத் தொடங்கும், சிலர் ஏற்கெனவே மாத்திரையில் இருப்பார்கள், எச்.டி.எல். குறைவு, சர்க்கரை, புகை என்று வேறு காரணங்களும் கூட இருக்கும். எல்.டி.எல்.லுக்குப் பங்கு இல்லை என்று அந்த எண் சொல்லவில்லை.

30 சதவீதம் என்றால் எத்தனை பேர்

1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடந்த சிம்வாஸ்டாட்டின் ஆய்வுதான் ஸ்டாட்டின்களுக்கு வாசலைத் திறந்தது. மரணம் 30 சதவீதம் குறைந்தது என்று செய்தி வந்தது. உள்ளே உள்ள எண்கள் வேறு விதமாக ஒலிக்கும். மாத்திரை இல்லாதவர்களில் சுமார் ஐந்தரை ஆண்டில் இறந்தவர்கள் 11.5 சதவீதம், மாத்திரை சாப்பிட்டவர்களில் 8.2 சதவீதம். நூறு பேருக்கு மூன்று பேர் பிழைத்தார்கள். இரண்டு எண்ணும் உண்மை. நோயாளியின் முன்னால் வைக்க வேண்டியது இரண்டாவது எண்.

நம் 148-க்கு வருவோம். எல்.டி.எல்.லை 39 புள்ளி குறைத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ 22 சதவீதம் குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. மாத்திரையால் 50 புள்ளி குறைகிறது என்று வைத்தால் ஆபத்து 27, 28 சதவீதம் குறையும். அந்த 34 வயதுப் பெண்ணுக்குப் பத்தாண்டு ஆபத்து 1 சதவீதம் என்றால் 0.7 ஆகும். ஆயிரம் பேர் பத்து ஆண்டு மாத்திரை சாப்பிட்டால் மூன்று பேருக்குப் பயன். சர்க்கரையும் பிரஷரும் உள்ள 58 வயதுக்காரருக்கு ஆபத்து 20 சதவீதம் என்றால் அது 14.5 ஆகும். நூறு பேரில் ஐந்தாறு பேருக்குப் பயன். முதலாமவருக்குச் சாப்பாட்டால் முயன்று பார்க்க நேரம் இருக்கிறது. இரண்டாமவர் அதற்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்தக் கணக்கில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான கணிப்பான்கள் வெள்ளையர்களையும் கறுப்பின மக்களையும் வைத்துச் செய்யப்பட்டவை. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு முன்கூட்டியே வருகிறது. 2018-இன் அமெரிக்க நெறிகள் தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணமாகச் சேர்த்தன. பிரிட்டனின் கியூரிஸ்க் கணிப்பானில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனியே குறிக்கலாம், நமக்கு அதுவே சற்றுப் பொருத்தம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், கணிப்பான் என்ன சொன்னாலும் ஒரு படி மேலே வைத்துப் பாருங்கள்.

முடிவெடுக்க முடியாத நடுநிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு பரிசோதனைகள் உதவும். ஒன்று லிப்போபுரோட்டீன்-ஏ. இது பரம்பரையாக வருவது, உணவால் அசையாது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து. இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு இது அதிகம். இன்னொன்று, மருந்து ஏற்றாமல் எடுக்கும் இதயக் கால்சியம் சி.டி. ஸ்கேன். நாற்பதைத் தாண்டிய, புகைக்காத, சர்க்கரை இல்லாத ஒருவருக்குக் கால்சியம் பூஜ்யம் என்று வந்தால் மாத்திரையைத் தள்ளிப்போடலாம் என்று 2018-இன் நெறிகளே அனுமதிக்கின்றன. முப்பது வயதில் பூஜ்யம் வருவதற்கு அந்த மதிப்பு கிடையாது, கால்சியம் படிய அந்த வயது போதாது.

சாப்பாட்டால் மட்டும் முயலக் கூடாதவர்கள்

மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் வந்தவர்கள். எல்.டி.எல். 190-ஐத் தொட்டவர்கள், இவர்களில் பலருக்குப் பரம்பரைக் கோளாறு இருக்கும், குதிகால் தசைநாணில் தடிப்பு, கண் இமையோரம் மஞ்சள் படிவு தெரிந்தால் பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டும். நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகள். டிரைகிளிசரைடு 500-க்கு மேல் போனவர்கள். அங்கே பயம் கணையம் வீங்குவது. இவர்களுக்கும் கீழே சொல்லும் சாப்பாடு வேண்டும், ஆனால் மாத்திரையோடு சேர்த்து. ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். 2013-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று ஸ்டாட்டினைச் சாடி நிகழ்ச்சி போட்டபின், அடுத்த மாதங்களில் சுமார் 60,000 பேர் மாத்திரை வாங்குவதைக் கைவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

சமையலறையில் எவ்வளவு, எப்படி

டொரன்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-இல் ஒரு சோதனை செய்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் உணவுகளைத் தனித்தனியாகத் தராமல் ஒன்றாகச் சேர்த்துத் தந்தார்கள்: பிசுபிசுப்பு நார், சோயாப் புரதம், பாதாம், தாவர ஸ்டெரால் (தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ரால் போன்ற பொருள்). நான்கு வாரத்தில் எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கியது. 20 மில்லிகிராம் லோவாஸ்டாட்டின் கொடுத்தவர்களுக்கு 30.9 சதவீதம். உணவால் மாத்திரைக்கு ஈடு என்று இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் அடுத்த பாகத்தைச் சொல்வதில்லை. அந்தச் சோதனையில் சாப்பாட்டை ஆய்வாளர்களே தந்தார்கள். 2011-இல் அதே குழு, ஆலோசனை மட்டும் சொல்லி மக்களை அவரவர் வீட்டில் சமைத்துச் சாப்பிடவிட்டு ஆறு மாதம் பார்த்தபோது இறங்கியது 13, 14 சதவீதம். நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. 148 இருந்தால் 127, 128.

தொடங்க வேண்டிய இடம் நிறைவுற்ற கொழுப்பு. எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகளைக் கல்லீரல் குறைத்துக்கொள்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 13 முதல் 15 கிராம் எல்லை. நம் வீட்டில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எண்ணெய்ச் சட்டி மட்டும் குற்றவாளி அல்ல என்பது தெரியும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6 சதவீதக் கொழுப்பு. காபி, டீ, தயிர் என்று ஒருவர் அரை லிட்டர் சாப்பிட்டால் 30 கிராம் கொழுப்பு, அதில் நிறைவுற்றது மட்டும் 18 கிராம். அன்றைய எல்லை பாலிலேயே தாண்டிவிட்டது. நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம்தான். அதற்கு மாறினால் 9 கிராமாகும். வேறு எதையும் மாற்றாமல், ருசியும் பெரிதாகக் கெடாமல் செய்யக்கூடிய மாற்றம் இது.

அடுத்தது தேங்காய். துருவிய தேங்காய் 100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 30 கிராம். பொரியலுக்குத் தூவும் ஒரு ஸ்பூனால் கெடுதல் இல்லை. காலையில் தேங்காய்ச் சட்னி, மதியம் கூட்டு, இரவு குருமா என்று ஒருவருக்கு 40 கிராம் போனால் 12 கிராம் சேர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் இன்னும் கனம், ஒரு மேசைக்கரண்டியில் 11, 12 கிராம். ‘செக்கில் ஆட்டியது, எல்.டி.எல்.லை ஏற்றாது’ என்று சொல்லி விற்கிறார்கள். 2020-இல் வெளிவந்த தொகுப்பாய்வில், மற்றச் சமையல் எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாகப் பத்து புள்ளி ஏற்றுகிறது. நெய் ஒரு மேசைக்கரண்டியில் 9 கிராம். ரேஷன் கடைப் பாமாயிலில் பாதி நிறைவுற்றது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது 15 முதல் 18 சதவீதம்தான். ஆகவே ரேஷன் பாமாயிலில் பொரிக்கும் வீடு, பாதி அளவு கடலை எண்ணெய் வாங்கித் தாளிப்போடு நிறுத்திக்கொண்டால் இரட்டை லாபம். அளவைத் தெரிந்துகொள்ள எளிய வழி, மாதத்துக்கு எத்தனை லிட்டர் தீர்கிறது என்று பார்த்துத் தலைக்கு வகுப்பது. ஆளுக்கு அரை லிட்டர் என்றால் நாளைக்கு 15 கிராம், போதும். ஒரு லிட்டர் என்றால் 30 கிராம், அதற்கு மேல் வேண்டாம். பாட்டிலின் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் வராது.

பிறகு நார். எல்லா நாரும் வேலை செய்யாது, கோதுமைத் தவிடு எல்.டி.எல்.லை அசைக்காது. தண்ணீரில் கரைந்து பிசுபிசுப்பாகும் நார்தான் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளும். புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஓட்ஸில் இந்த நாரின் பெயர் பீட்டா குளுக்கன், நாளைக்கு 3 கிராம் வேண்டும், அதற்கு 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். மசாலா ஓட்ஸின் சின்னப் பாக்கெட்டில் 40 கிராம்தான். அது பாதி மருந்து, கூடவே உப்பு. பார்லி அரிசியும் அதே வேலையைச் செய்யும். 60, 70 கிராமைக் குக்கரில் வேகவைத்துச் சாதத்தில் பாதியாகக் கலந்து சாம்பார் ஊற்றிச் சாப்பிடலாம். வேகவைத்து வடிகட்டிய தண்ணீரை மட்டும் குடித்துப் பயன் குறைவு. வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் ஜென்கின்ஸ் குழு இந்த நாருக்காகவே உணவில் சேர்த்தது. வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்குவதற்குத்தான் நாம் எண்ணெயை ஊற்றி வதக்குகிறோம். புளிக்குழம்பில் போட்டால் அந்த எண்ணெய் மிச்சம்.

ஓட்ஸ் பிடிக்காதவர்களுக்கு இசப்கோல் இருக்கிறது. நாளைக்கு 10 கிராம், காலை 5, இரவு 5, சாப்பாட்டுக்குச் சற்று முன். முதல் வாரம் ஒரு வேளை மட்டும் தொடங்குங்கள், இல்லையென்றால் வயிறு உப்பி அடுத்த வாரமே கைவிடுவீர்கள். முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, அது கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். குறைந்த தண்ணீரில் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். விழுங்கச் சிரமம் உள்ள முதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். தைராய்டு மாத்திரை போன்றவற்றுக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை. எல்.டி.எல். 5 முதல் 7 சதவீதம் குறையும்.

பயறு வகை வெந்த அளவில் 130 கிராம், அதாவது உலர்ந்த நிலையில் 50 கிராம் அளவுக்கு, தினமும் சாப்பிட்டால் ஏறத்தாழ 5 சதவீதம். சாம்பார் இருக்கிறதே என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம்தான். மீதிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலோ, காராமணியோ, பச்சைப்பயறோ, கொள்ளோ வேண்டும். பாதாமுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், தோலோடு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், உப்பில்லாமல் சாப்பிட்டால் போதும். இதை முறுக்குக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும், முறுக்கோடு சேர்த்து அல்ல. சோயாவுக்கு மீல்மேக்கர் இருக்கிறது, உலர்ந்த அளவில் 50 கிராமில் 25 கிராம் புரதம்.

டிரைகிளிசரைடு 210-ஐ இவை அதிகம் தொடாது. அதற்கு வழி சோறு, இட்லி, மைதா, சர்க்கரை, மது ஆகியவற்றைக் குறைப்பது. எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினால் டிரைகிளிசரைடு 20 சதவீதம் போல விழும். எல்.டி.எல். எடையைப் பார்த்துப் பெரிதாக அசையாது, கிலோவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைப்பது கடினம். நடைப்பயிற்சியும் அப்படித்தான். இதயத்துக்கும் டிரைகிளிசரைடுக்கும் மிக நல்லது, எல்.டி.எல்.லுக்குச் சொற்பம். தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் எல்.டி.எல். இறங்கவில்லை என்று மனம் விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே தவறுகிறது

நெய்யையும் பாலையும் நிறுத்திவிட்டு, பசிக்கு மாரி பிஸ்கட், ரஸ்க், பிரெட் என்று நிரப்புவதுதான் அதிகம் நடக்கிற தவறு. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் மைதா வந்தால் டிரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்கும். கொழுப்பை எடுத்த இடத்தில் கடலை, பயறு, நல்லெண்ணெய் வர வேண்டும். அடுத்தது, சோற்றை அறவே விட்டுக் கீட்டோ, பேலியோ என்று வெண்ணெயும் கறியுமாகச் சாப்பிடுவது. டிரைகிளிசரைடு அழகாக இறங்கும். ஒல்லியான சிலருக்கு எல்.டி.எல். 200-ஐயும் தாண்டி எகிறும். அதைப் பரவாயில்லை என்று சொல்ல நீண்ட காலச் சான்று எதுவும் கிடையாது.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சி ‘அடைப்பு நீங்கும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கஷாயத்தால் எந்த அடைப்பும் நீங்காது. 2022-இல் கிளீவ்லண்ட் கிளினிக் குழு பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகிய ஆறு துணை மாத்திரைகளை வெற்று மாத்திரையோடும் 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டினோடும் 28 நாள் ஒப்பிட்டது. ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை 37.9 சதவீதம் குறைத்தது. அந்த ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் உள்ள மோனகோலின்-கே என்பது லோவாஸ்டாட்டினேதான். இயற்கை என்ற பெயரில், அளவு தெரியாத ஸ்டாட்டினை யாரும் சாப்பிட வேண்டாம்.

பரிசோதிக்கும் நேரத்திலும் தவறுவார்கள். மாலை போட்டு விரதம் இருந்த நாட்களின் கடைசியில் ரத்தம் கொடுத்து, இறங்கிவிட்டது என்று மகிழ்ந்தால், அது ஆண்டு முழுவதும் சாப்பிடும் சாப்பாட்டின் எண் அல்ல. காய்ச்சல், டெங்கு, அறுவை சிகிச்சை முடிந்த வாரங்களிலும் எல்.டி.எல். பொய்யாக இறங்கியிருக்கும். சாப்பாட்டை மாற்றி, அதை விடாமல் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து, அதே லேபில், அதே முறையில் எடுங்கள். 148, 140 ஆனால் அது இயல்பான ஏற்றஇறக்கமாகவும் இருக்கலாம். 128 ஆனால் சாப்பாடு வேலை செய்கிறது.

அந்த 128-இல் 34 வயதுப் பெண் நின்றுகொள்ளலாம், ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். 58 வயதுக்காரருக்கு 128 போதாது. அவர் மாத்திரைக்குப் பயப்படுவது பெரும்பாலும் தசை வலியை நினைத்து. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வு 2020-இல் வெளியானது. ஸ்டாட்டின் மாதங்களில் சொன்ன தொந்தரவில் 90 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் இருந்தது. மீதிப் பத்து சதவீதம் மெய்யானது. சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை சற்று ஏறும் என்பதும் மெய்யானது. இரண்டும் பெரும்பாலும் அளவைப் பொறுத்தவை, அளவைக் குறைக்கச் சாப்பாடு கைகொடுக்கும். ஸ்டாட்டினின் முதல் அளவுதான் பெரிய இறக்கத்தைத் தரும். அதன்பின் அளவை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். 10-ஐ 20 ஆக்கினால் 6, 20-ஐ 40 ஆக்கினால் இன்னொரு 6. நீலப் பாக்கெட் பாலும் பார்லியும் சுண்டலும் சேர்ந்து தரும் 13 சதவீதம், 10 மில்லிகிராம் மாத்திரையை 40-க்கு ஏற்றுவதற்கு ஈடு. மருத்துவரிடம் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுபோய், ‘சாப்பாட்டில் இவ்வளவு இறங்கியிருக்கிறது, சிறிய அளவிலிருந்து தொடங்கலாமா’ என்று கேளுங்கள்.